அத்தியாயம் 4: பழகிப்போகும் சுகமும் பழகாத துன்பமும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் முதன்முதலாக மின்விசிறி மாட்டப்பட்டது ஒரு சித்திரை மாதத்தில். அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்குள் அது வந்துவிட வேண்டும் என்று அம்மா மாசி மாதத்திலிருந்தே சொல்லிவந்தாள். அப்பாவோ வழக்கம்போல் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் யாரிடமும் சொல்லாமல், ஒருநாள் அந்திநேரத்தில், மாட்டித்தரும் ஆளையும் கூடவே அழைத்துக்கொண்டு அதை வாங்கிவந்து நின்றார். அதுவரை திண்ணையிலும் முற்றத்திலும் கிணற்றடித் தாழ்வாரத்திலுமாகச் சிதறிப் படுத்துவந்த ஒன்பது பேரும் அன்றிரவு ஒரே கூடத்தில், உத்தரத்திலிருந்து தொங்கிய அந்த மூன்று இறக்கைகளுக்குக் கீழே, நடுவில் படுப்பது யார் என்ற வழக்குத் தீரவே பத்து மணியாகிவிடும்படி, பாய்களை நெருக்கி விரித்துக்கொண்டோம். பாட்டி மட்டும் புடவைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டு, “அதைக் கொஞ்சம் மெதுவா வைடா, காதெல்லாம் குடையறது” என்றாள். சொன்னாளே தவிர, பிடித்த இடத்தை விட்டு அவளும் எழுந்திருக்கவில்லை.

ஆடி பிறப்பதற்குள் அந்த விசிறியை அண்ணாந்து பார்ப்பவர் எவரும் இல்லை. அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றும் குறையவில்லை, புழுக்கத்துக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் காற்று எங்களுக்கு ஒரு விஷயமாக இல்லாமல் போய்விட்டது. நடுநிசியில் மின்சாரம் நின்றுபோனால் மட்டும், இருட்டில் நாலா பக்கத்திலிருந்தும் “அடடா” என்ற முனகல் எழும். பனையோலை விசிறியைத் தேடிக் கைகள் துழாவும். அரைமணி கழித்து இறக்கைகள் மறுபடி அசைந்து முதல் காற்று முகத்தில் படும் அந்தச் சில நிமிஷங்களில், சித்திரை மாதத்து முதல் இரவின் ஆனந்தம் அப்படியே திரும்பிவரும். பிறகு அதுவும் போய்விடும்.

அதே வீட்டின் கொல்லைக் கிணற்றில் ஓர் இரும்பு ராட்டினம் இருந்தது. விடியற்காலை நாலரை மணிக்கு முதல் வாளி இறங்கும்போது அது கிறீச்சென்று போடும் ஓலம், விசிறிக் காற்றில் சுகமாக உறங்கிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேரையாவது எழுப்பிவிடும். பதினோரு வருஷம் அந்த ராட்டினம் கத்திற்று. பதினோரு வருஷமும் அது எங்களுக்குப் பழகவில்லை. கடைசியில், விருந்தாளியாக வந்திருந்த சித்தப்பா ஒருவர், பல் தேய்க்கக் கிணற்றடிக்குப் போனவர், சமையலறையிலிருந்து ஒரு கரண்டி விளக்கெண்ணெய் வாங்கிவரச் செய்து அதன் அச்சில் விட்டார். சத்தம் நின்றது. விசிறியின் விலை அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்றே குறைவு. விளக்கெண்ணெயின் விலையை யாரும் கணக்கில்கூட எழுதவில்லை.

மகிழ்ச்சியைப் பற்றிய அத்தியாயத்தில் விசிறிக்கும் ராட்டினத்துக்கும் என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். அநேக வருஷங்களாக இந்த விஷயத்தைப் படித்தும், பிறரைப் பார்த்தும், என்மேலேயே பரீட்சித்தும் நான் கண்டுகொண்டதெல்லாம் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. நாம் பெரும்பணம் கொடுத்து வாங்கும் சுகங்கள் விரைவில் பழகிப்போகின்றன. நாம் அற்பமென்று விட்டுவைக்கும் சில துன்பங்களோ ஒருநாளும் பழகுவதில்லை. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றாட வாழ்க்கையை எப்படித் திருத்தி அமைப்பது என்பதே இங்கே நாம் பார்க்கப்போவது.

அதற்கு முன், சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாஷையில் இந்த அநுபவத்துக்குப் பெயர்கள் மிகுதி: இன்பம், உவகை, மகிழ்ச்சி, களிப்பு, சுகம், சந்தோஷம், திருப்தி, ஆனந்தம். ஒருவரைக் கண்டவுடன் “சுகமா?” என்று கேட்கிறோம், அங்கே நாம் விசாரிப்பது உடம்பை. வேலை கிடைத்ததென்று சாக்லேட் கொடுக்கும் பையனிடம் “ரொம்ப சந்தோஷம்” என்கிறோம். அங்கே அது ஒரு கணத்துக் குதூகலம். ஆனால் பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் ஐந்து நியமங்களுள் ஒன்றாக வைத்த ‘சந்தோஷம்’ இந்தக் குதூகலம் அன்று. இருப்பது போதும் என்று அமைந்திருக்கும் மனநிலை அது. ‘திருப்தி’ என்று நாம் இன்று சொல்வதற்கு நெருங்கியது. தானாக வருவதற்கு நியமம் தேவையில்லை. பயிற்சியால் வருவதாகையால்தான் அதை நியமத்தில் சேர்த்தார். ஒரே சொல் இப்படி இரண்டு பொருளில் வழங்குவது வெறும் அகராதி வேடிக்கையன்று. குதூகலத்தைத் துரத்திக்கொண்டே போனால் திருப்தி வந்துவிடும் என்று நம்பி ஏமாறுகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுக்கிறார். பொருட்செல்வம் ஒன்று, புலன், அதாவது உரைகாரர் கூறும் அறிவுடைமை, மற்றொன்று, காதலர் கூடியிருத்தல் மூன்றாவது, விளையாட்டு நான்காவது. இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் தோன்றும். நான்கில் பெட்டியில் பூட்டி வைக்கத்தக்கது முதலாவது மட்டுந்தான். அறிவின் இன்பம் கற்கும்போதும் எண்ணும்போதும் உண்டு. கூட்டத்தின் இன்பம் கூடியிருக்கும்போது உண்டு. விளையாட்டின் இன்பம் விளையாடும்போது உண்டு. செய்தால் உண்டு, நிறுத்தினால் இல்லை என்பதனால் இவை மூன்றும் மெல்லவே பழகுகின்றன. வாங்கிவைத்துவிட்டோம், இனி நம்முடையது என்ற எண்ணத்துக்கு இடங்கொடுக்கும் செல்வமோ, வாங்கிய மறுமாதமே கூடத்து விசிறியாகிவிடுகிறது.

பழகுதல் என்பது மனத்தின் குற்றம் அன்று, அதன் வேலையே அதுதான். ஒரு கையை வெந்நீரிலும் மற்றொரு கையைத் தண்ணீரிலும் சற்று நேரம் வைத்திருந்து, இரண்டையும் சேர்த்து ஒரே வாளி வெதுவெதுப்பான நீருக்குள் விட்டுப் பாருங்கள். ஒரு கை அதைக் குளிர்ச்சி என்னும், மற்றது சூடு என்னும். இருக்கும் நிலையை அன்று, மாறிய அளவையே புலன்கள் நமக்குத் தெரிவிக்கின்றன. அப்படி இல்லாவிட்டால் இடுப்பில் கட்டிய வேட்டி உறுத்துவதையே நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருப்போம்.

இந்த ஸ்வபாவத்தைப் பற்றி மேல்நாட்டில் அதிகமாகப் பேசப்படும் ஆராய்ச்சி, பிரிக்மன் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய இரண்டு சகாக்களும் 1978ஆம் ஆண்டில் வெளியிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெருந்தொகை பெற்ற 22 பேரையும், அதே சுற்றுவட்டாரத்தில் சாதாரணமாக வாழ்ந்துவந்த 22 பேரையும், விபத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த 29 பேரையும் அவர்கள் விசாரித்தார்கள். பூஜ்யத்திலிருந்து 5 வரை உள்ள அளவுகோலில் இப்போதைய மகிழ்ச்சிக்குப் பரிசு பெற்றவர்கள் கொடுத்த மதிப்பு 4; சாதாரண மனிதர்கள் கொடுத்தது 3.82. சிநேகிதரோடு பேசுவது, காலைச் சிற்றுண்டி, ஒரு நல்ல ஹாஸ்யத்தைக் கேட்பது போன்ற நித்திய சுகங்களைப் பற்றிக் கேட்டபோதோ, லட்சாதிபதிகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அவற்றில் ரசம் காண்பதாகத் தெரிந்தது. பெரிய மலையைப் பார்த்து வந்த கண்ணுக்கு ஊர்க்குன்று சிறுத்துப்போகிறது போலும்.

ஆனால் இந்த ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தத் துன்பமும் காலப்போக்கில் பழகிப்போகும், ஆகையால் கவலை வேண்டாம் என்று உபதேசம் செய்வோர் அதைச் சரியாகப் படிக்காதவர்கள். விபத்தில் அடிபட்டவர்களின் மதிப்பு 2.96. அளவுகோலின் நடுவைவிட அது மேலே இருந்ததும் வியப்பே. அயலாரைவிடத் தெளிவாகக் குறைந்திருந்ததும் உண்மையே. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை 1984 முதல் ஆண்டுதோறும் விடாமல் விசாரித்துவரும் ஒரு பெரிய கணக்கெடுப்பு இருக்கிறது. கல்யாணத்தை ஒட்டி உயரும் மனநிறைவு, சராசரியாகப் பார்த்தால், சில ஆண்டுகளில் பழைய மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது என்று அதிலிருந்து கண்டார்கள். வேலை இழந்தவர்களின் கதை வேறு. மறுபடி வேலை கிடைத்த பிறகும் பழைய மட்டத்துக்கு அவர்கள் முழுவதுமாக ஏறிவரவில்லை. விசிறி பழகுகிறது, ராட்டினம் பழகுவதில்லை என்று எங்கள் கூடத்தில் கண்டதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தேவைப்படவில்லை.

பழகாத துன்பங்களுக்குள்ளே நம் நகரவாசிகளுக்கு முதன்மையானது தினப்படிப் பிரயாணம். டெக்ஸாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தின நாள் முழுவதையும் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதச்சொல்லி, ஒவ்வொரு காட்சியிலும் மனம் எப்படி இருந்தது என்று கானமன் முதலிய அறிஞர்கள் கேட்டு 2004இல் வெளியிட்ட முடிவில், அடிமட்டத்தில் இருந்தது காலையில் வேலைக்குப் போகும் பிரயாணந்தான். ஃபிரே, ஸ்டுட்சர் என்ற சுவிட்சர்லாந்துப் பொருளாதார நிபுணர்கள் இருவர், முன்னே சொன்ன ஜெர்மானியக் கணக்கெடுப்பையே ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள்: தூரத்திலிருந்து வருபவர்களுக்குச் சம்பளத்திலோ வாடகையிலோ கிடைக்கும் லாபம், வழியில் படும் அவதியை ஈடுசெய்வதில்லை, எவ்வளவு தூரமோ அவ்வளவு மனக்குறைவு. இது எதிர்பாராத முடிவு, ஏனெனில் லாபமில்லாத வியாபாரத்தை மனிதர்கள் தெரிந்து செய்யமாட்டார்கள் என்பதே பொருளாதார சாஸ்திரத்தின் அடிப்படை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் தம்பி மகன் எனக்குக் காட்டிவிட்டான். அம்பத்தூரில் உத்தியோகம், வில்லிவாக்கத்தில் இரண்டே அறை உள்ள வாடகை வீட்டில் இருந்தான். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் மூன்று படுக்கையறையும், நிற்க உட்கார இடமுள்ள பால்கனியுமாக ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கிவிட்டு, பத்திரம் பதிவான அன்றே எனக்குத் தொலைபேசியில் சொன்னான்.

“பெரியப்பா, பால்கனியில நின்னா ஏரி தெரியறது.”

“ரொம்ப நல்லதுப்பா. காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

“ஆறரை. ரயில், அப்புறம் பஸ். ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“திரும்பி வர?”

“எட்டரை ஆயிடும். ஆனா ஞாயித்துக்கிழமை பூரா இருக்கே, பெரியப்பா!”

கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். ஏரி அழகாகத்தான் இருந்தது. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் கழித்துப் போனபோது பால்கனியில் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தார்கள். ஏரி அதற்குப் பின்னால் இருந்தது. மூன்றாவது படுக்கையறையில் பழைய அட்டைப்பெட்டிகளும் குழந்தையின் உடைந்த சைக்கிளும் கிடந்தன. ரயிலைப் பற்றிக் கேட்டேன். அதை மட்டும் அவன் நேற்றுத்தான் முதன்முறையாக ஏறினவனைப்போல் கோபத்தோடு அரைமணி நேரம் வர்ணித்தான். அறையும் ஏரியும் தினமும் ஒரே மாதிரி இருப்பதனால் பழகிவிட்டன. ரயிலோ ஒருநாள் நேரத்துக்கு வரும், ஒருநாள் வராது. ஒருநாள் உட்கார இடம் கிடைக்கும், மறுநாள் கதவில் தொங்க வேண்டும். தினமும் வெவ்வேறு வேஷத்தில் வருகிற துன்பத்துக்கு எப்படிப் பழகுவது? வாடகைக்கும் சம்பளத்துக்கும் நடுவில் நசுங்கி, வேறு வழியின்றித் தூரத்தில் வசிப்பவர்களை நான் இங்கே குறைசொல்லவில்லை. தெரிவு செய்யும் வசதி உள்ளவர்கள், சதுர அடியை எண்ணும்போது நிமிஷத்தையும் சேர்த்து எண்ணுங்கள் என்று மட்டுமே சொல்கிறேன்.

ஆகவே முதல் அப்பியாசம், எண்ணெய் விடுவது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பென்சிலும் காகிதமுமாக வீட்டை ஒருமுறை சுற்றிவாருங்கள். இரவில் சொட்டும் குழாய், இரண்டு முறை இழுத்துத் தட்டினால்தான் விழும் தாழ்ப்பாள், பத்துத் தரம் அழுத்தினாலும் பொறி பறக்காத அடுப்பு லைட்டர், கண்சிமிட்டும் டியூப் லைட், கால் வைக்கும்போதெல்லாம் ஆடும் மாடிப்படிக் கல் ஆகிய எல்லாவற்றையும் எழுதுங்கள். என் பட்டியலில் முதல்தடவை பதினேழு இருந்தன. பதினொன்றை ஒரே வாரத்தில், ஒரு சினிமாவுக்குப் போய்வரும் செலவுக்குள் தீர்த்துவிட்டேன். வீட்டு மனிதர்களுக்கிடையேயும் ராட்டினங்கள் உண்டு. ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது யார், வாசல் கேட்டைச் சாத்துவது யார் என்று தினமும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தைகளால் நடக்கும் சண்டைகளை எழுதிப் பார்த்தால், அவற்றில் பாதி, சுவரில் ஓர் ஆணி அடித்தால் தீர்ந்துவிடுகிறவை. குணத்தைத் திருத்தப் பிரயத்தனப்படுவதற்கு முன் ஆணியை அடித்துப் பாருங்கள்.

இரண்டாவது அப்பியாசம் இடைவெளி விடுவது. கிரேக்க நாட்டு எபிகியூரஸ் என்ற தத்துவஞானியின் பெயரை, உண்டு களித்துத் திரிவதே வாழ்க்கை என்ற கொள்கைக்கு ஊரார் வைத்துவிட்டார்கள். கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸ் நகரத்தின் எல்லையில் ஒரு தோட்டம் வாங்கிச் சிநேகிதர்களோடு வாழ்ந்த அந்த மனிதர் சாதாரணமாக உண்டது ரொட்டியும் தண்ணீரும். விருந்துண்ண விரும்பும்போது உண்ணலாம், ஒரு சிறு ஜாடிப் பாலாடைக்கட்டி அனுப்பிவை என்று சிநேகிதர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். பாலாடைக்கட்டியே விருந்தாகும்படி நாவை வைத்துக்கொண்டவரைப் போகி என்பதா, யோகி என்பதா?

நம் முன்னோர் இதைத் தத்துவமாகப் பேசாமல் பஞ்சாங்கத்தில் எழுதிவைத்தார்கள். ஏகாதசிக்குப் பட்டினி, புரட்டாசியில் மாமிசம் இல்லை, அதிரசம் தீபாவளிக்கு, சர்க்கரைப் பொங்கல் தைக்கு என்று நாவுக்கு ஒரு முறை இருந்தது. இன்று அதிரசம் தெருமுனைக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வருஷம் முழுவதும் கிடக்கிறது. தீபாவளியன்று குழந்தைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கைக்கெட்டிய தூரத்தில் கிடப்பதனால் அதன் சுவை குறைந்துவிடவில்லை. சுவைப்பவருடைய பசிதான் குறைந்துவிட்டது. க்வாய்ட்பாக், டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சிலரை ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமல் இருக்கச் சொன்னார்கள். சிலருக்கு வேண்டிய மட்டும் தின்னும்படி நிறையக் கொடுத்தனுப்பினார்கள். வாரக் கடைசியில் எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தபோது, விட்டிருந்தவர்களே அதை அதிகமாக ரசித்தார்கள்.

நான் இதைக் காப்பியில் பரீட்சித்தேன். மார்கழியில் ஒரு வாரம் நிறுத்தினேன். முதல் நாள் பத்து மணிக்கே நெற்றிப்பொட்டில் ஆரம்பித்த தலைவலி மறுநாள் மாலைவரை விடவில்லை. அந்த இரண்டு நாட்களில் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளுக்காக வீட்டாரிடம் பிற்பாடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எட்டாம் நாள் விடியற்காலை, பித்தளை ஃபில்டரின் மேல்தட்டைத் திறந்ததும் எழுந்த வாசனை, கீழ்ப்பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கறுத்துத் தேங்கியிருந்த டிகாஷன், பொங்கி அடங்கிய பால், டபராவுக்கும் டம்ளருக்குமாக இரண்டு தரம் ஆற்றியதில் எழும்பிய நுரை, முதல் வாயில் நாக்கின் ஓரத்தில் தட்டிய மெல்லிய கசப்பு ஆகிய இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிந்து குடித்தேன். முப்பது வருஷமாகத் தினமும் இரண்டு வேளை குடித்துவந்ததுதான் அது. மாதத்தில் ஒரு வாரம், பிரியமான ஒரே ஒரு பொருளை இப்படி விட்டுப் பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டை விடவேண்டாம். மருந்தையும் மனிதர்களையும் வைத்து இந்தப் பரீட்சை கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது, நோட்டுப்புத்தகம். எமன்ஸ், மக்கல்லோ என்ற இருவர் 2003இல் பிரசுரித்த ஆராய்ச்சியில், வாரம் ஒருமுறை, கடந்த வாரத்தில் நன்றி பாராட்டத்தக்கவை ஐந்தை எழுதிவந்த மாணவர்கள், பத்து வாரம் கழித்து, தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொண்டிருந்தார்கள். இந்தச் செய்தி பரவியதிலிருந்து உலகம் முழுவதும் நன்றிக் குறிப்பேடுகள் அச்சாகி விற்பனையாகின்றன. தங்க விளிம்பு போட்டதுகூடக் கண்டிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டே போதும். தினமும் எழுதவேண்டாம், தினமும் எழுதினால் அதுவும் பழகிப்போய், மூன்றாம் வாரம் ‘குடும்பம், ஆரோக்கியம், கடவுள்’ என்று மனப்பாடமாக வரும். வாரத்துக்கு ஒருநாள், ஐந்துக்கு மேற்படாமல், அந்த வாரத்தில் மட்டும் நடந்ததை எழுதுங்கள். ‘பேரன் இருக்கிறான்’ என்பது குறிப்பு அன்று. ‘செவ்வாய்க்கிழமை பேரன் என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்து எனக்குப் படித்துக் காட்டினான்’ என்பதே குறிப்பு. எழுதுவதற்கு வேண்டுமே என்று வாரம் முழுவதும் கண் சற்றே விழிப்பாக இருப்பதுதான் இதில் உள்ள பலன். நோட்டு ஒரு வியாஜம்.

பொறாமையைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாமாகையால் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பதஞ்சலி நான்கு பாவனைகளைச் சொல்கிறார்: சுகமாக இருப்பவர்களிடம் சிநேகம், துன்பப்படுபவர்களிடம் கருணை, நல்லது செய்கிறவர்களிடம் மகிழ்ச்சி, தீயது செய்கிறவர்களிடம் உதாசீனம். சுகமாக இருப்பவர்களிடம் சிநேகம் வேண்டும் என்று ஒரு முனிவர் விதித்திருக்கிறாரென்றால், அது தானாக வராது என்பதை அவர் நன்கு அறிந்திருக்க வேண்டும். எதிர்வீட்டில் கார் வந்து நின்றால், அன்று மாலையே போய் அதில் ஒரு சுற்றுப் போய்வரக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை, இந்த உபாயத்துக்குத் தோற்காத பொறாமை குறைவு.

மனிதர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதை அநேகமாக எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1938இல் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்று, கல்லூரி மாணவர்கள் 268 பேரையும், பாஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில் வளர்ந்த சிறுவர்கள் 456 பேரையும் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து வந்தது. ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்களே எண்பது வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்பதும், அதை முன்கூட்டி அறிவிப்பதில் ரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவைவிட இந்தத் திருப்தியே மேலானதாக இருந்தது என்பதும் அதன் முடிவு. இதற்கு நான் சேர்க்கக்கூடியது ஒன்றே. உறவுகளும் விசிறியைப்போல் பழகிப்போகக் கூடியவையே. ஆனால் விசிறியிடம் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, மனிதர்களிடம் உண்டு. முன்காலத்துக் கடிதங்களில் ‘இங்கு யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்று தொடங்கி, பசு கன்று போட்டதுவரை விசாரித்திருப்பார்கள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவியிடம், அவள் பள்ளிக்கூடத்தில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று சென்ற வருஷந்தான் கேட்டேன். இரவு பதினோரு மணிவரை பேசிக்கொண்டிருந்தாள்.

இனி ஓர் எச்சரிக்கை. இந்த அப்பியாசங்கள் எல்லாம், நன்றாக இருக்கும் மனத்தை இன்னும் நன்றாக வைத்துக்கொள்வதற்கானவை; நோய்க்கு மருந்து அல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடந்தாலோ, எதிலும் விருப்பம் அற்றுப்போனாலோ, உறக்கமும் பசியும் மாறிப்போனாலோ, வாழ்ந்தென்ன என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, நோட்டை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்குக் கஷாயம் போதுமா, ஆஸ்பத்திரி வேண்டுமா என்று பார்ப்பதைப்போலவே இதையும் பார்க்கவேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

அப்பியாசத்தைத் தைப்பொங்கலன்றோ ஆங்கில வருஷப் பிறப்பன்றோ தொடங்கவேண்டாம். பண்டிகையன்று எடுத்த சபதங்கள் பண்டிகையோடு போவதை என் வீட்டிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒரு புதன்கிழமை போதும். முதல் வாரம் எண்ணெய் விடுவது மட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து நோட்டு. காப்பியையோ வெற்றிலையையோ விடுவது, மற்ற இரண்டும் கைவந்த பிறகு. அடுத்த அத்தியாயம் பணத்தைப் பற்றியது. நோட்டில் நான்கு வாரக் குறிப்புகளாவது சேர்ந்த பிறகு அதைத் திருப்புங்கள்; அதிலுள்ள கணக்குகளுக்கு அந்தக் குறிப்புகள் வேண்டியிருக்கும்.